ராஜா கோட்டையும் ராணி கோட்டையும்

பங்குத் திருவிழா முடிந்து கொடி இறங்கிவிட்டால், பங்குக் குருவுக்கு இரண்டு நாளாவது ஓய்வு கிடைக்கும் என்று எண்ணுகிறவர்கள் பங்கு மக்களை அறியாதவர்கள். கொடியிறக்கத்துக்கு மறுநாள் காலைத் திருப்பலியை முடித்து, சக்ரீஸ்துவில் திருவுடைகளை நாம் கழற்றிக்கொண்டிருந்தோம். எழுபத்தெட்டு வயது மூதாட்டி ஒருவர் வாயிலில் வந்து நின்றார். நாள் தவறாமல் முதல் வரிசையில் முழந்தாளிடுபவர். நமது மறையுரை நீண்டுவிட்டால் செபமாலையைச் சற்று உரக்கவே உருட்டி நமக்கு நேரத்தை நினைவூட்டுபவர்.

"சாமி, நாளைக்குச் செஞ்சிக் கோட்டைக்கு வேன் பேசியிருக்கிறோம். சாமியும் வரவேண்டும்."

"இந்த வயதில் உங்களுக்குக் கோட்டை பார்க்கும் ஆசையா, அம்மா?"

"கோட்டையை யார் பார்க்கப் போகிறார்கள், சாமி? பேரனும் அவன் பெண்டாட்டியும் இரண்டு நாளாய்ப் பேசிக்கொள்ளவில்லை. வீட்டுக்குள் வைத்துப் புத்தி சொன்னால் ஏறாது. மலையில் ஏறவிட்டால் யாராவது ஒருவருக்குக் கால் வலிக்கும். அப்போது பேசித்தானே ஆகவேண்டும்?"

எட்டு ஆண்டுகள் குருமடத்தில் தத்துவமும் இறையியலும் பயின்ற நமக்கு இப்படி ஓர் உபாயம் தோன்றியதே இல்லை. உடன் வருவதாக வாக்களித்தோம்.

திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலைச் சாலையில் மேற்கே ஏறத்தாழ 28 கிலோமீட்டர் சென்றால் செஞ்சி. ஊரை நெருங்க நெருங்க, பாறைகளை யாரோ மூட்டை மூட்டையாய்க் கொட்டிவிட்டுப் போனதுபோல் குன்றுகள் தோன்றும். வேனில் நாங்கள் எழுவர்: மூதாட்டி, அவருடைய மகன், மருமகள், மணமாகி எட்டு மாதங்களே ஆன பேரன், பேரனின் மனைவி, கல்லூரியில் வரலாறு பயிலும் பேத்தி, நாம். பேரனும் மனைவியும் சென்னையில் வேலை பார்ப்பவர்கள். திருவிழாவுக்கென்று விடுப்பெடுத்து வந்தவர்கள்.

பிணக்கு எவ்வாறு மூண்டது என்பதைப் பேத்திதான் நம் காதருகே சொன்னாள். திருவிழா விருந்தன்று, உறவினர் பத்துப் பேர் இலைமுன் அமர்ந்திருக்க, அவள் அண்ணன் மீன்குழம்பை வாயில் வைத்து, "எங்கள் அம்மா வைத்தால் இப்படியா இருக்கும்!" என்றானாம். "அப்படியானால் உங்கள் அம்மா கையாலேயே சாப்பிட்டுக்கொள்ளுங்கள்" என்று அவன் மனைவி கரண்டியை வைத்துவிட்டுப் போய்விட்டாளாம். அன்று தொடங்கிய மௌனம். வேனிலும் அதுவே தொடர்ந்தது.

"அம்மா, சன்னலைக் கொஞ்சம் சாத்தச் சொல்லுங்கள்" என்றான் பேரன்.

"அத்தை, எனக்குக் காற்று வேண்டும் என்று சொல்லுங்கள்" என்றாள் மனைவி.

இருவருக்கும் நடுவே அமர்ந்திருந்த தாயார், தபால் நிலையம்போல் இருபக்கமும் செய்தி பட்டுவாடா செய்துகொண்டிருந்தார்.

செஞ்சிக் கோட்டை என்று நாம் ஒருமையில் சொன்னாலும், அது உண்மையில் மூன்று மலைக்கோட்டைகள். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திராயன் துர்க்கம் ஆகிய மூன்று மலைகளையும் முக்கோணமாக மதில்கள் இணைக்கின்றன. மதில்களின் நீளம் ஏறத்தாழ 13 கிலோமீட்டர் என்பர். ஏறத்தாழ 800 அடி உயர்ந்து நிற்கும் ராஜகிரியை மக்கள் ராஜா கோட்டை என்கிறார்கள். கிருஷ்ணகிரியை ராணி கோட்டை என்கிறார்கள். இரண்டுக்கும் இடையே திருவண்ணாமலைச் சாலை ஓடுகிறது.

வேன் நின்றதும் பேரன், "நான் ராஜா கோட்டைக்குப் போகிறேன்" என்று பொதுவாய் அறிவித்தான். "நான் ராணி கோட்டைக்கு" என்று அவன் மனைவி நாத்தனாரின் கையைப் பிடித்துக்கொண்டாள். ராஜா ஒரு மலை, ராணி ஒரு மலை. இடையே சாலையில் பேருந்துகள் போய்க்கொண்டிருந்தன. மூதாட்டி நம்மைப் பார்த்துப் பெருமூச்செறிந்தார். "சாமி, ஒரே மலையில் ஏறுவார்கள் என்றல்லவா நினைத்தேன்!"

நாம் இளங்குருவாய் இருந்த நாளில் ராஜகிரியின் உச்சி வரை ஏறியதுண்டு. உச்சிக்குச் சற்றுக் கீழே மலை பிளந்து ஆழமான பள்ளம் கிடக்கும். அதைக் கடக்க ஒரு சிறு பாலம். அந்நாளில் பாலத்தை எடுத்துவிட்டால் மேலே இருப்பவரை எந்தப் படையும் நெருங்க முடியாது. இப்போது நமது முழங்கால்கள் அந்த நினைவோடு நிறைவடைகின்றன. ஆகவே பெரியவர்கள் நால்வரும் மலையடிவாரத்தில் உள்ள கல்யாண மகாலின் நிழலுக்குப் போய்ச் சேர்ந்தோம்.

நாற்புறமும் அறைகள் சூழ்ந்த முற்றம். அதன் நடுவே அடுக்கடுக்காய் உயர்ந்து கூம்பிய முடியோடு நிற்கும் மாடக்கோபுரம். இதுவே கல்யாண மகால். அரசமாதர் வாழ்ந்த இடம் என்பர். தொலைவிலிருந்த குளத்து நீரை மண்குழாய்கள் வழியே இதன் மேல் மாடிகளுக்கும் ஏற்றியிருக்கிறார்கள்.

"பெயர்தான் கல்யாண மகால். உள்ளே சமையலறை எங்கே என்று பாருங்கள், சண்டை அங்கேதான் நடந்திருக்கும்" என்றார் மூதாட்டியின் மகன். அவர் மனைவி அவரைப் பார்த்த பார்வையில் அந்தப் பேச்சு அத்துடன் நின்றது.

நிழலில் அமர்ந்தபடி கோட்டையின் கதையை அவர்களுக்குச் சொன்னோம். கோன் மரபினர் ஏறத்தாழ 1200-ஆம் ஆண்டையொட்டி இங்கு முதல் அரண் அமைத்தனர் என்பர். பின்னர் விஜயநகரத்தாரின் கீழ் நாயக்கர்கள் பெருக்கிக் கட்டினர். பீஜப்பூர்ப் படை வந்தது. 1677-இல் சத்ரபதி சிவாஜி கைப்பற்றினார். அவருடைய மகன் ராஜாராம் 1689-இல் இங்கே அடைக்கலம் புகுந்தார். மொகலாயப் படை ஏழாண்டுகளுக்கு மேல் முற்றுகையிட்டு, 1698-இல்தான் கோட்டையைப் பிடித்தது. 1750-இல் பிரெஞ்சுக்காரரும் 1761-இல் ஆங்கிலேயரும் வந்தனர். புதுச்சேரிக் கடற்கரையில் காந்தியடிகளின் சிலையைச் சூழ்ந்து நிற்கும் கருங்கல் தூண்கள் செஞ்சியிலிருந்து சென்றவையே. 2025 ஜூலையில் மராத்தியரின் 12 கோட்டைகளை யுனெஸ்கோ உலக மரபுச் சின்னங்களாக ஏற்றது. தமிழகத்திலிருந்து அவற்றுள் இடம்பெற்றது செஞ்சி ஒன்றே.

"ஏழாண்டு முற்றுகையா!" என்று வியந்தார் தாயார். "என் வீட்டில் இரண்டு நாளே தாங்கவில்லை."

நம் திருச்சபைக்கும் இவ்வூரோடு பழைய உறவு ஒன்று உண்டு. 16-ஆம் நூற்றாண்டின் இறுதியில், இயேசு சபையைச் சேர்ந்த நிக்கோலாஸ் பிமெந்தா அடிகளார் தென்னாட்டு மறைப்பணித் தளங்களைப் பார்வையிட்டு வருகையில் செஞ்சிக்கு வந்தார். லிஸ்பன் நீங்கலாகத் தம் போர்த்துகல் நாட்டில் இத்துணைப் பெரிய நகர் இல்லை என்று வியந்து எழுதினார். கிருஷ்ணப்ப நாயக்கர் அவரை வரவேற்று உபசரித்தார். குருக்கள் வெற்றிலை போடாததைக் கண்டு மன்னர் வியப்புற்றாராம். ஆயினும் மனத்தாங்கல் கொள்ளாமல், பொன்னிழை ஆடைகளைப் பரிசாக அளித்து, தாம் அமைத்துவந்த புதிய நகருக்கு ஒரு குருவை அனுப்பும்படியும் வேண்டினாராம்.

"நீட்டிய வெற்றிலையை எடுக்காமற் போனால் எங்கள் பக்கத்தில் சம்பந்தமே முறிந்துபோகும்" என்றார் மூதாட்டி. "அந்த ராஜா பெரிய மனசுக்காரர். விருந்தாளி நம் வழக்கப்படி நடக்கவில்லை என்றால் அவருக்கு வேறு வழக்கம் இருக்கும் என்று நினைத்தார் பாருங்கள். புதிதாய் வந்த மருமகளுக்கும் அப்படித்தானே, சாமி? அவள் பிறந்த வீட்டுக் குழம்பு வேறு. இந்த வீட்டுக் குழம்பு வேறு."

தாயார் ஏதோ சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் முந்தானையைத் திருகிக்கொண்டிருந்தார்.

செஞ்சிக்கு வந்து தேசிங்கு ராஜனைப் பேசாமல் போக முடியாது. ஆர்க்காட்டு நவாபு சாதத்துல்லா கான் திறைப்பாக்கியைக் கேட்டார். இளைஞன் தேசிங்கு பணிய மறுத்தான். 1714-இல் போர் மூண்டது. மணக்கோலத்தில் இருந்த அவனது இசுலாமிய நண்பன் மகபத்கான், செய்தி எட்டியதும் தன் திருமணத்தை விட்டுப் போர்க்களத்துக்கு ஓடிவந்து மடிந்தான் என்று கதைப்பாடல் சொல்லும். தேசிங்கும் மாண்டான், அவன் இளமனைவி தீயில் இறங்கினாள். ராணிப்பேட்டை என்ற ஊர்ப்பெயர் அவள் நினைவாக எழுந்தது என்பர்.

"பாக்கிக்காக வந்த சண்டையா?" என்றார் மூதாட்டியின் மகன்.

"பாக்கியும் பணிய மனமில்லாமையும்" என்றோம். "வீட்டிலும் அவ்விரண்டுதானே சண்டைக்குக் காரணம்! இவர் எனக்கு ஒரு நல்ல சொல் பாக்கி; அவள் எனக்கு ஒரு மரியாதை பாக்கி. இருவரும் கணக்கெழுதி வைத்துக்கொள்கிறோம், வசூலுக்குப் படையெடுக்கிறோம். திருத்தந்தை பிரான்சிஸ் 2015-ஆம் ஆண்டு மே மாதம் குடும்பங்களைப் பற்றிப் பேசுகையில், மூன்று சொற்களை வலியுறுத்தினார். 'செய்யலாமா?', 'நன்றி', 'மன்னித்துக்கொள்.' 2025 ஏப்ரலில் அவர் இறைவனடி சேர்ந்துவிட்டார். அந்த மூன்று சொற்கள் நமக்குச் சொத்தாக இருக்கின்றன."

மூதாட்டி உடனே மறுத்தார். "நம் ஊரில் பெண்டாட்டிக்கு யார் சாமி நன்றி சொல்கிறார்கள்? எங்கள் காலத்தில் புருசன் பேரைக்கூடச் சொல்லமாட்டோம். நன்றி என்று சொன்னால், என்னமோ வெளியாளிடம் பேசுகிறமாதிரி இருக்கும்."

"உங்களுக்கு ஒருநாளும் வேண்டும்போல் இருந்ததில்லையா?"

அவர் சற்று நேரம் பேசவில்லை. மாடக்கோபுரத்தின் மேல் குரங்கு ஒன்று குட்டியை அணைத்தபடி உட்கார்ந்திருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"நாற்பத்தொரு வருசம் வாழ்ந்தோம், சாமி. நல்ல மனிதர். குடியில்லை, அடியில்லை. விடிகாலையில் எனக்கு முந்தி எழுந்து இரண்டு குடம் தண்ணீர் சேந்தி வைத்துவிடுவார். ஆனால் வாயைத் திறந்து நல்லதாய் ஒரு வார்த்தை சொன்னதில்லை. கடைசியில் படுத்துவிட்டார். அப்போதிருந்த சாமியார் வந்து அவஸ்தை பூசிவிட்டுப் போனார். இராத்திரி என்னைக் கூப்பிட்டுக் கையைப் பிடித்துக்கொண்டார். உதடு அசைந்தது, குரல் வரவில்லை. நன்றி என்றாரா, தண்ணீர் என்றாரா, எனக்குத் தெரியவில்லை. தண்ணீர் கொடுத்தேன். இரண்டு மிடறு குடித்தார். விடிவதற்குள் போய்விட்டார்."

யாரும் அசையவில்லை.

"பதினாறு வருசமாய் யோசிக்கிறேன், சாமி. தண்ணீர் கேட்டிருந்தால் கொடுத்துவிட்டேன், குறையில்லை. வேறு ஏதாவது சொல்லியிருந்தால் எனக்குக் கேட்காமற் போய்விட்டதே. முன்னாலேயே ஒரு தடவை சொல்லியிருந்தால் இந்தச் சந்தேகம் எனக்கு ஏன்?"

நாம் திரும்பிப் பார்த்தோம். முற்றத்தின் வாயிலில் பேரன் நின்றுகொண்டிருந்தான். எப்போது வந்தான் என்று தெரியாது. சட்டை வியர்வையில் நனைந்திருந்தது. கையில் பை இல்லை.

"ஆயா..." என்றான். பிறகு அவனுக்கும் பேச்சு வரவில்லை.

மூதாட்டி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "பை எங்கேடா?" என்றார்.

"குரங்கு பிடுங்கிக்கொண்டது, ஆயா. முறுக்கு, தண்ணீர்ப் பாட்டில், எல்லாம் போயிற்று. பாதி மலைக்குமேல் ஏறவில்லை. அங்கேயிருந்து பார்த்தால் ராணி கோட்டை முழுக்கத் தெரிகிறது. படியில் யார் ஏறுகிறார்கள் என்றுதான் தெரியவில்லை." சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான். ராஜா கோட்டையில் ஏறியவனின் கண்கள் முழுதும் ராணி கோட்டையின் மேலேயே இருந்திருக்கின்றன!

அரைமணி கழித்து நாத்தனாரும் அண்ணியும் வந்தார்கள். அந்தப் பெண் அவனை ஏறிட்டுப் பார்த்தாள். காய்ந்த உதடுகளைப் பார்த்தாள். தன் பையிலிருந்த பாட்டிலை எடுத்துத் தாயாரிடம் நீட்டி, "அத்தை, இதைக் கொடுங்கள்" என்றாள்.

தாயார் கையை மடக்கிக்கொண்டார். "தபால் நிலையத்துக்கு இன்று விடுமுறை" என்றார்.

எல்லோரும் சிரித்தோம், அவளும் சிரித்துவிட்டாள். பாட்டில் நேராகவே கைமாறியது. அவன் குடித்தான். பாட்டியை ஒருமுறை பார்த்தான். பிறகு தெளிவாய், எல்லோர் காதிலும் விழும்படி, "நன்றி" என்றான்.

மூதாட்டி விடவில்லை. "தண்ணீருக்குச் சொல்லியாயிற்று, குழம்புக்கு? பத்துப் பேர் முன்னால் சொன்னதை நாலு பேர் முன்னாலாவது திருப்பி எடுத்துக்கொள்ள வேண்டாமா? சாமியாரும் சாட்சிக்கு இருக்கிறார்."

அவன் காது சிவந்தது. "அன்றைக்கு எல்லார் முன்னாலும் அப்படிச் சொன்னது தப்பு. மன்னித்துக்கொள்" என்றான் மனைவியிடம்.

"நானும் கரண்டியை வைத்துவிட்டுப் போயிருக்கக் கூடாது" என்றாள் அவள்.

இத்துடன் முடிந்தது என்றே நாம் எண்ணினோம். இலைகளைப் போட்டுப் புளிசோறும் உருளைக்கிழங்கு வறுவலும் பரிமாறினார்கள். பேரன் முதல் கவளத்தை வாயிலிட்டு, புதிதாய்க் கற்ற பாடத்தை உடனே ஒப்பிக்கும் மாணவனைப்போல், "புளிசோறு பிரமாதம்!" என்றான் மனைவியைப் பார்த்து.

"அது அத்தை கிளறியது" என்றாள் அவள்.

பெரிய சிரிப்பு எழுந்தது. தாயார் சிரிக்கவில்லை. "கிளறியது நான். புளிக்காய்ச்சல் இராத்திரியே அவள் காய்ச்சி வைத்தது" என்றார். பிறகு நம்மைப் பார்த்து, பாவசங்கீர்த்தனத் தொட்டியில் பேசும் குரலில் சொன்னார்: "சாமி, அன்றைய குழம்பும் அப்படித்தான். அவள் சரியாகத்தான் வைத்திருந்தாள். உப்புப் போட்டாளோ இல்லையோ என்று நான் இன்னொரு கை போட்டுவிட்டேன். இவன் சொன்னபோதே அதைச் சொல்லியிருக்கலாம். என் சமையலை மெச்சுகிறானே என்று ஒரு நிமிசம் சும்மா இருந்துவிட்டேன். அந்த ஒரு நிமிசம் இரண்டு நாளாகிவிட்டது."

செஞ்சிக்கு வருபவர்கள் ராஜா கோட்டையைப் பார்க்கிறார்கள். ராணி கோட்டையைப் பார்க்கிறார்கள். மூன்றாவதாக நிற்கும் சந்திராயன் துர்க்கத்தை ஏறிட்டுப் பார்ப்பவர் சிலரே. இந்த வீட்டுச் சண்டையிலும் மூன்றாவது மலை ஒன்று இத்தனை நேரமும் பேசாமல் நின்றிருக்கிறது! மருமகள் எழுந்துபோய் மாமியாரின் பக்கத்தில் உட்கார்ந்து, தன் இலையில் இருந்த முட்டையை அவர் இலையில் வைத்தாள். அதற்கு மேல் அங்கே வார்த்தை தேவைப்படவில்லை.

திரும்பும் வழியில் வேனில் எல்லோரும் உறங்க, நாம் கானாவூர்த் திருமணத்தை நினைத்துக்கொண்டு வந்தோம். நற்செய்தியாளர் அருளப்பர் எழுதியுள்ளபடி, நம் ஆண்டவரின் முதல் அரும்அடையாளம் ஒரு கல்யாண வீட்டில்தான் நிகழ்ந்தது. ஆறு கற்சாடிகளில் நிரப்பிய தண்ணீர் திராட்சை இரசமாயிற்று. அங்கே தேவ அன்னை செய்ததைக் கவனியுங்கள். விருந்தில் குறை நேர்ந்ததைக் கண்டார்கள். விருந்தினர் நடுவே அதை உரைக்கவில்லை. மணவீட்டாரை நாணச் செய்யவில்லை. மகனின் காதில் மட்டும் சொன்னார்கள். குறையைக் காண எல்லாருக்கும் முடியும். அதை யாரிடம், எவ்வாறு சொல்வது என்று அறிந்திருப்பதே பண்பு. அந்தப் பண்பு இருந்த வீட்டில் ஆண்டவர் புதுமை செய்தார்.

மற்றத் திருவருட்சாதனங்களுக்குப் பெரும்பாலும் குருவோ ஆயரோ பணியாளர். திருமணத்திலோ, நம் இலத்தீன் வழிபாட்டு மரபின்படி, மணமக்களே ஒருவருக்கொருவர் அதை வழங்குகிறார்கள். குரு திருச்சபையின் பெயரால் அவர்களது சம்மதத்தைக் கேட்டு ஏற்கும் சாட்சி. மணநாளில் அவர்கள் பீடத்தின்முன் சொல்வதும் சில வார்த்தைகளே. அந்த வார்த்தைகளால் கட்டிய வீட்டை, மறுநாள் முதல் வார்த்தையின்றி எப்படிக் காப்பாற்றுவது? சினம் தணியுமுன் பொழுது சாய வேண்டாம் என்று புனித சின்னப்பர் எபேசியருக்கு அறிவுறுத்தியதும் இதற்காகவே.

ஊர் வந்து சேர்ந்தபோது கோவிலில் மாலை மணி அடித்துக்கொண்டிருந்தது. பேரன் முதலில் இறங்கி, பாட்டிக்குக் கைகொடுத்து இறக்கிவிட்டான். அவர் இரண்டடி நடந்து, நின்று, அவன் பக்கம் திரும்பி, "நன்றிடா" என்றார். எழுபத்தெட்டு வயதில், நமக்குத் தெரிந்து, அவர் அந்தச் சொல்லை வீட்டாரிடம் சொன்னது அதுவே முதல் தடவை. சொல்லிவிட்டு வெட்கப்பட்டவராய், "சாமி, நாளைக்கு மறையுரையைச் சுருக்கமாய் வையுங்கள், எல்லாருக்கும் கால் வலிக்கும்" என்று நம்மிடம் கூறிப் போய்விட்டார்.

அன்பர்களே, விடுமுறையில் செஞ்சிக்குச் சென்று வாருங்கள். பையை மட்டும் குரங்குகளிடம் காட்டாதீர்கள். ராஜா கோட்டையில் ஏறுங்கள்; ராணி கோட்டையிலும் ஏறுங்கள். இரண்டுக்கும் நடுவே ஒரு சாலை இருப்பதை மறவாதீர்கள். உங்கள் வீட்டிலும் யாரோ ஒருவர் ஒரு சொல்லுக்காகக் காத்திருக்கக்கூடும். காது கேட்கும்போதே அதைச் சொல்லிவிடுங்கள். கானாவூரில் விருந்துண்ட ஆண்டவர் உங்கள் இல்லங்களிலும் எழுந்தருள்வாராக!